தெர்மாமீட்டர் ஏறாமல் நின்ற ஆறு நிமிடம்: ஒரு பரிசோதனைப் பெட்டி பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டிக்குள் இருக்கும் சாமான்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், கூட வரும் கையேட்டுக்குப் பாதி கொடுக்கவும் மனம் வரவில்லை. திண்மம், திரவம், வாயு என்று பொருள் எப்படி நிலை மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கத் தயாரித்த பெட்டி இது. நானும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளும் மூன்று வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். தயாரித்தவர்கள் பெயரைப் போடவில்லை, இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயர்களில் வருகின்றன, நான் சொல்வதில் பாதிக்கு மேல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே இருப்பவை: 100 மில்லி பீக்கர் இரண்டு, 100 வாட் சூடேற்றும் தட்டு ஒன்று, கம்பி நுனியில் உணரி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், இரண்டு தடித்த சோதனைக்குழாய்கள் (ஒன்றில் மெழுகு, இன்னொன்றில் ஸ்டீரிக் அமிலம், அதுவும் மெழுகு மாதிரி இருக்கும், ஆனால் ஒரே தூய பொருள்), ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு, அதன் வாயை அடைக்க ஒரு மூடி, மோட்டாரில் அதிரும் மணித் தட்டு, கையைச் சூடாக்கும் ஜெல் பை, ஒரு சாயக்குப்பி, படஅட்டைகள், வரைபடத்தாள் பத்து. எதுவும் விளையாட்டுச் சாமான் மாதிரி இல்லை, கண்ணாடி நல்ல கண்ணாடி, தட்டு சீராகச் சூடாகிறது.

முதல் சோதனை ஐஸை உருக்குவது. 50 கிராம் ஐஸை நொறுக்கிப் பீக்கரில் போட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, தட்டில் வைத்துக் கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மைனஸ் 4இல் ஆரம்பித்தது, சட்டென்று பூஜ்யத்துக்கு வந்தது, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. தட்டு சுடுகிறது, ஐஸ் கரைகிறது, எண் மட்டும் அசையவில்லை. மூன்று நிமிடம் பார்த்துவிட்டு மகள், "அப்பா, தெர்மாமீட்டர் ரிப்பேர் ஆயிடுச்சு" என்றாள். வெளியே எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தால் மளமளவென்று 34க்கு ஏறுகிறது. திரும்ப ஐஸுக்குள் விட்டால் பழையபடி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆக ரிப்பேர் இல்லை.

இந்த இடத்தில் கையேடு என்ன சொல்கிறது தெரியுமா? வெப்பநிலை மாறாவிட்டால் கவலைப்பட வேண்டாமாம், ஐஸ் முழுவதும் உருகும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டுமாம். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்தப் பெட்டியை வாங்குவதற்கே அந்த ஆறு நிமிடம்தான் காரணமாக இருக்க வேண்டும், அதைப் போய் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி கடத்திவிடச் சொல்கிறார்கள்.

ஆறு நிமிடம் விடாமல் சூடு உள்ளே போயிருக்கிறது, வெப்பநிலை ஏறவில்லை என்றால் அந்த ஆற்றல் எங்கே போனது? வெப்பநிலை என்பது துகள்கள் சராசரியாக எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதன் அளவு. ஐஸில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு, இடம் பெயராமல் நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். மைனஸ் 4இலிருந்து பூஜ்யம் வரைக்கும் கொடுத்த சூடு அந்த அதிர்வைக் கூட்டியது, அதனால் எண் ஏறியது. பூஜ்யத்துக்கு வந்த பிறகு கொடுக்கிற சூடெல்லாம் அந்தக் கட்டுமானத்தைக் குலைக்கவே செலவாகிறது, வேகம் கூட மிச்சம் எதுவும் இல்லை. சம்பளம் முழுக்கக் கடனை அடைக்கவே போகிற மாதம் மாதிரி, வரவு வந்துகொண்டே இருக்கிறது, கையிருப்பு ஏறுவதில்லை. கடன் தீர்ந்த மறு நிமிடம், அதாவது கடைசி ஐஸ் துணுக்கு கரைந்ததும், எண் மறுபடி ஏற ஆரம்பிக்கும். நாங்கள் பார்த்ததும் அப்படியே.

எவ்வளவு கடன் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 0 டிகிரியில் இருக்கும் 1 கிராம் ஐஸை 0 டிகிரித் தண்ணீராக்க 334 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். அதே 1 கிராம் தண்ணீரை 0இலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 418 ஜூல் போதும். 100 டிகிரித் தண்ணீரை அதே 100 டிகிரியில் ஆவியாக்கவோ ஏறக்குறைய 2,260 ஜூல்! எங்கள் 50 கிராம் ஐஸ் உருக ஆறு நிமிடம் ஆனது, கொதிக்கும் வரை இன்னொரு எட்டு நிமிடம், அதற்குப் பிறகு இருபது நிமிடம் விடாமல் கொதித்தும் ஏறக்குறைய பாதித் தண்ணீர் பீக்கரிலேயே இருந்தது. 100 வாட் தட்டு கொடுக்கும் சூடு முழுக்கத் தண்ணீருக்கே போயிருந்தால் உருகுவதற்கு மூன்று நிமிடத்துக்குள் முடிந்திருக்கும், பாதிக்கு மேல் பீக்கருக்கும் காற்றுக்கும் போய்விடுகிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. இந்தக் கணக்கை மகள் தானாகவே போட்டாள், கையேட்டில் கிடையாது.

இந்த நின்றுபோகும் எண்ணை முதலில் சரியாகப் பிடித்தவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஒரு கண்ணாடிக் குடுவையில் ஐஸையும் அதே மாதிரி இன்னொன்றில் அதே எடைக்கு உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்த தண்ணீரையும் ஒரு பெரிய கூடத்தில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 33இலிருந்து 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு வந்துவிட்டது, ஐஸ் உருகி அதே 40க்கு வர பத்தரை மணி நேரம் பிடித்தது. அதுவரைக்கும் உருகுநிலைக்கு வந்த ஐஸுக்கு இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்தால் மொத்தமும் தண்ணீராகிவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் மலைப் பனி முழுக்க ஒரே நாளில் உருகி வெள்ளமாக அடித்துக்கொண்டு போக வேண்டுமே என்று கேட்டவர் அவர். மறைந்துபோகும் இந்தச் சூட்டைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். கையேட்டில் பிளாக்குக்கு ஒரு வரிகூட இல்லை, அட்டைப்படத்தில் கண்ணாடி போட்ட ஒரு ரோபோவுக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

சரி, மணித் தட்டுக்கு வருவோம். கண்ணாடி மூடிக்குள் அறுபது எழுபது பிளாஸ்டிக் மணிகள், கீழே மோட்டார், ஒரு திருகு. தட்டைச் சற்றே சாய்த்து வைத்து மெதுவாக அதிர விட்டால் மணிகள் ஒரு பக்கமாக அடுக்கி நின்று நடுங்கும், அது திண்மம். திருகைக் கூட்டினால் ஒன்றை ஒன்று தாண்டி வழுக்கும், அது திரவம். முழுசாகத் திருப்பினால் தட்டு முழுக்கச் சிதறிப் பறக்கும், அது வாயு. பார்க்க அருமையாக இருக்கிறது, குறிப்பாக அடுக்கில் ஓரமாக இருக்கும் மணிகள்தான் முதலில் பிய்த்துக்கொண்டு போகின்றன என்பதை மகளே கவனித்துச் சொன்னாள். இதில் ஒரு பெரிய ஓட்டை. மணிகளுக்குள் ஈர்ப்பே கிடையாது. தட்டு சாய்ந்திருப்பதால் கீழே குவிகின்றன, மட்டமாக வைத்தால் திண்மமும் இல்லை திரவமும் இல்லை. ஒட்டிக்கொள்ளும் விசை இல்லாவிட்டால் உடைப்பதற்கும் எதுவும் இல்லை, அப்படியானால் அந்த ஆறு நிமிடம் ஏன் எண் நின்றது என்பதை இந்தத் தட்டு ஒருநாளும் காட்டாது. அதிர்வு கூடக்கூட நிலை மாறும் என்று மட்டும்தான் காட்டுகிறது, அது பாதிக் கதை. குட்டிக் காந்த மணிகளைக் கலந்துவிடலாமா என்று யோசித்தேன், ஆனால் வீட்டில் இன்னொரு பொடிசு இருக்கிறது, காந்தத்தை இரண்டு மூன்றாக விழுங்கினால் குடலையே ஓட்டை போட்டுவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

படஅட்டைகளைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை, ஆனாலும் பேசியாக வேண்டும். திண்மப் படத்தில் துகள்கள் நெருக்கமாக, திரவப் படத்தில் நடுவே தாராளமாக இடம் விட்டு, வாயுப் படத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி. திரவம் என்பது திண்மத்துக்கும் வாயுவுக்கும் சரிபாதியில் இருப்பது மாதிரி. உண்மையில் திரவத்திலும் துகள்கள் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, ஒழுங்கு மட்டும்தான் குலைந்திருக்கும். அதனால்தான் சிரிஞ்சில் தண்ணீரை அடைத்து எவ்வளவு அமுக்கினாலும் இறங்காது, காற்றை அடைத்தால் இறங்கும். தண்ணீரின் கதையோ இன்னும் தலைகீழ், தண்ணீரைவிட ஐஸ் சுமார் 9 சதவீதம் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் மிதக்கிறது. ஆவியான பிறகுதான் உண்மையான இடைவெளி. 1 மில்லி தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாக மாறினால் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 1,700 மில்லி இடம் பிடிக்கும், கனமூலம் எடுத்துப் பார்த்தால் துகளுக்குத் துகள் தூரம் பன்னிரண்டு மடங்கு. அந்த அளவுக்கு வரைந்தால் அட்டையில் இரண்டு மூன்று புள்ளிக்கு மேல் இடம் இருக்காது என்பது வேறு விஷயம்.

அதே அட்டையின் பின்பக்கத்தில் "சூடானால் துகள்கள் பெரிதாகும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். பெரிதாவதில்லை ஐயா. துகள் அதே துகள்தான், துடிப்பு கூடுகிறது, இடைவெளி கூடுகிறது. இன்னொரு அட்டையில் "திண்மத் துகள் மெதுவானது, வாயுத் துகள் வேகமானது" என்று ஆமையும் முயலும் போட்டிருக்கிறார்கள். மேசைமேல் இருக்கும் பீக்கரும் அதிலுள்ள தண்ணீரும் சுற்றியுள்ள காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் மூன்றிலும் துகள்களின் சராசரி இயக்க ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். கொதிக்கும் தண்ணீரிலும் அதிலிருந்து எழும் 100 டிகிரி ஆவியிலும் அப்படித்தான். ஆவியின் துகள் கூடுதலாக வைத்திருப்பது விடுதலை, வேகம் இல்லை. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஆமை முயல் படத்தைப் பார்த்த பிள்ளைக்கு எண் ஏன் நின்றது என்பது ஒருபோதும் விளங்காது.

இப்போது பெட்டியிலேயே எனக்கு மிகப் பிடித்த சாமான், அந்தச் சிரிஞ்சு. கொதிக்க வைத்து 60 டிகிரிக்கு ஆற விட்ட தண்ணீரில் 5 மில்லி உறிஞ்சி, காற்றுக் குமிழை வெளியே தள்ளிவிட்டு, வாயை மூடியால் இறுக அடைத்து, பிஸ்டனைப் பலமாகப் பின்னால் இழுத்தால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு என்று சொல்ல மாட்டேன், 60 டிகிரி சுடத்தான் செய்யும், ஆனால் கொதிக்கிற சூடு நிச்சயமாக இல்லை. விட்டால் குமிழிகள் சட்டென்று காணாமல் போகின்றன. 60 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி கொடுக்கும் அழுத்தம், காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், வெளி அழுத்தத்தை அதற்குக் கீழே இறக்கிவிட்டால் உள்ளுக்குள்ளேயே குமிழி பிறந்துவிடும். தண்ணீர் 100இல் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த ஒரு இழுப்பு போதும். கையேடு இதைக் கடைசிப் பக்கத்தில் கூடுதல் சோதனை என்று நான்கு வரியில் முடித்துவிட்டது. அதிலும் "காற்றுக் குமிழிகளைப் பாருங்கள்" என்கிறது. காற்று எங்கிருந்து வந்தது, அதைத்தான் முதலிலேயே கொதிக்க வைத்து விரட்டிவிட்டோமே. பீக்கரில் 50, 60 டிகிரியில் சுவரை ஒட்டி முளைக்கும் பொடிக் குமிழிகள்தான் கரைந்திருந்த காற்று, கொதிக்கும்போது அடியிலிருந்து புரண்டு வருபவை நீராவி.

தெர்மாமீட்டரைப் பற்றி ஒரு விஷயம். எங்களுக்கு வந்தது ஐஸ் தண்ணீரில் 0.3 காட்டியது, கொதிநீரில் 98.6. முதலாவது உணரியின் பிசகாகத்தான் இருக்க வேண்டும், இரண்டாவதை அப்படிச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைந்து, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். சிரிஞ்சில் பார்த்ததே இங்கேயும்.

ஸ்டீரிக் அமிலக் குழாயில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சுடுநீரில் வைத்து உருக்கி, வெளியே எடுத்து ஆற விட்டு எண்ணைக் குறிக்க வேண்டும். 80இலிருந்து வேகமாக இறங்கிய எண் 69 பக்கத்தில் வந்து நின்றது, துகள்கள் மறுபடி அடுக்கில் சேரும்போது, உருக்கும்போது வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கின்றன, அதனால் வெளியே சூடு போய்க்கொண்டே இருந்தாலும் எண் இறங்குவதில்லை. அருமையான வரைபடம் வந்தது. அந்த உற்சாகத்தில் முழுக்க உறைந்துபோன கட்டிக்குள் இருந்து தெர்மாமீட்டர் கம்பியை வெடுக்கென்று இழுத்தேன், உணரியின் மூடி உள்ளேயே நின்றுவிட்டது. திரும்ப உருக்கித்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா என்ன, இருந்தாலும் கையேட்டில் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாம். பசை போட்டு ஒட்டி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். வேறு உணரி கேட்டு எழுதினேன், பதில் இன்னும் வரவில்லை.

மெழுகுக் குழாயில் அப்படித் தட்டையான கோடு வரவே வராது, சரிந்த கோடாகத்தான் வரும். மெழுகு பல நீளமுள்ள ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) சங்கிலிகளின் கலவை, நீளமானது முதலில் உறையும், குட்டையானது பின்னால் உறையும், ஒரே உருகுநிலை கிடையாது. தூய பொருளையும் கலவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் நல்ல ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். கையேடு எழுதியவர் அவரில்லை.

ஆவியாதல் பகுதி சுமார். ஈரப் பஞ்சை உணரியில் சுற்றிவிட்டு எண் இறங்குவதைப் பார்க்கச் சொல்கிறார்கள், இறங்குகிறது. வேகமான துகள்கள் மேற்பரப்பிலிருந்து தப்பிப் போய்விட, மிச்சம் இருப்பவற்றின் சராசரி குறைகிறது, அதற்கு 100 டிகிரி தேவையில்லை, எந்த வெப்பநிலையிலும் நடக்கும். சாயம் வேறு வேறு வேகத்தில் பரவும் சோதனையும் இருக்கிறது, சுடுநீரில் சீக்கிரம், குளிர்நீரில் மெதுவாக. ஆனால் தண்ணீர் சுழலும் ஓட்டமும் சேர்ந்து பரப்புவதால் இதை வைத்துத் துகள் இருப்பது நிரூபணம் என்று சொல்வதெல்லாம் ஓவர். அந்த நிரூபணத்துக்கு 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் தண்ணீரில் நுண்நோக்கி வழியாகப் பார்த்த பொடித் துணுக்குகளின் ஓயாத ஆட்டமும், கண்ணுக்குத் தெரியாத நீர்த் துகள்கள் மோதுவதால்தான் அந்த ஆட்டம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் போட்ட கணக்கும், அதை அளந்து காட்டிய பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரனும் வேண்டியிருந்தது. பெரனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது இதை ஒட்டித்தான்.

ஜெல் பையைக் கையேட்டில் "ரசாயன அதிசயம்" என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதிசயமும் இல்லை, தனியும் இல்லை. உள்ளே இருப்பது நீரோடு சேர்ந்த சோடியம் அசிடேட், உருகுநிலை 58 டிகிரி. அறை வெப்பநிலையில் உறைந்திருக்க வேண்டியது, படிகம் தொடங்க ஒரு புள்ளி கிடைக்காததால் திரவமாகவே ஏமாற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் உலோக வில்லையை ஒரு தட்டு தட்டினால் வெள்ளையாகப் படிகம் பரவி, சில நொடியில் பை முழுக்கக் கட்டியாகிச் சூடாகிறது. மகள் குழம்பிப்போய், "கட்டியாகணும்னா சூடு வெளியே போகணும்னு சொன்னீங்க, இங்கே சூடு வருதே?" என்று கேட்டாள். வெளியே போகிற சூடு எங்கே போகிறது, உன் கைக்குத்தானே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒட்டிய உணரியைப் பைக்கடியில் செருகி எண்ணைக் குறிக்க உட்கார்ந்தாள், 50ஐத் தாண்டிப் போய் வெகு நேரம் அங்கேயே நின்றது. பையைத் திரும்பப் பழையபடி ஆக்கக் கொதிநீரில் போட வேண்டும், ஒரு மூலையில் துளி வெள்ளை மிஞ்சினாலும் ஆறும்போது அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் மறுபடி உறைந்துவிடும், எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெட்டியில் கையுறை கிடையாது, கட்டாயம் தேவை. கொதிநீரைவிட நீராவி மோசமாகச் சுடும், தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே கிராமுக்கு அந்த 2,260 ஜூலையும் இறக்கிவிடும், பீக்கர்மேல் குனிந்து பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெள்ளையாகத் தெரிவது ஏற்கெனவே குளிர்ந்த நீர்த்துளிகள்தான், அதற்குக் கீழே வெறுமையாகத் தெரிகிற இடத்தில்தான் உண்மையான ஆவி இருக்கிறது. அப்புறம், வரைபடத்தாள் பத்தும் எங்களுக்கு நான்கு நாளில் தீர்ந்துவிட்டது, கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், படஅட்டைகளின் பின்பக்கமும் எழுதிப் பார்க்க உதவும்.